நடக்க ஏற்ற ஊர் எது? சென்னை, கோவை, மதுரை, புதுச்சேரி

தங்கை குடும்பம் தோஹாவிலிருந்து ஊர் திரும்புகிறது. மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் கணக்கு வேலை. இணையம் இருந்தால் போதும், எந்த ஊரானாலும் சரி. ஆனால் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கைக்கு விடியற்காலையில் தனியாக நடக்கும் பழக்கம். பையனுக்குப் பதின்மூன்று வயது, சைக்கிள் பைத்தியம். "அண்ணே, உடம்பப் பார்த்துக்க எந்த ஊரு நல்ல ஊரு? நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

அவள் அனுப்பிய பட்டியலில் நான்கு ஊர்கள். நான் இருக்கும் சென்னை, அம்மா இருக்கும் மதுரை, மாப்பிள்ளையின் நண்பர்கள் இருக்கும் கோவை, சுற்றுலா போய் அவள் மயங்கி வந்த புதுச்சேரி. பெங்களூரை மாப்பிள்ளை கடைசியில் ஒட்டவைத்தார்.

இப்படி ஊர்களை ஒப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் எத்தனை பூங்கா, எத்தனை ஏரி, எவ்வளவு பசுமை என்று எண்ணத் தொடங்குவார்கள். அந்த எண்ணிக்கை மேயருக்கு உதவும். நடப்பவருக்கு வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர்தான் ஊர். அதனால் நான் வாசலிலிருந்து தொடங்கினேன். படி இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் வண்டி இடிக்காத ஓர் இடம் கிடைக்குமா? அங்கே காலை ஐந்தரைக்கு ஒரு பெண் தனியாகப் போகலாமா? வருஷத்தில் எத்தனை மாதம் அங்கே உடம்பு ஒத்துழைக்கும்? பூங்காவுக்குக் காரில் போய் நடக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் தினமும் வருவார்கள், அப்புறம் சனி ஞாயிறு, அப்புறம் ஆளையே காணோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 150 நிமிடம் என்றால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. இடம் பக்கத்தில் இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. போய்வரவே அரை மணி ஆகிறதென்றால் நடக்காமல் இருக்கத் தினம் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

முதலில் வெயில். ஊர்களை ஒப்பிடும்போது எல்லோரும் உச்சி வெயிலைத்தான் சொல்வார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு யார் நடக்கப் போகிறார்கள்? பார்க்க வேண்டியது விடியற்காலையின் வெப்பம். மே மாதத்தில் சென்னையில் இரவின் குறைந்தபட்ச வெப்பமே 28 டிகிரிக்குப் பக்கம். கோவையில் 24 அளவில். மதுரை இரண்டுக்கும் நடுவில். பெங்களூரில் 21, 22. அதாவது அக்னி நட்சத்திரத்தின் நடுவே கோவைக்காரர் காலையில் காற்றாட நடக்கும்போது, சென்னைக்காரர் செருப்பு மாட்டும்போதே வேர்த்துவிடுகிறார். சென்னையில் ஈரப்பதமும் சேர்கிறது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் அதே தூரம் அங்கே கூடுதல் களைப்பு. இன்னொரு சின்ன விஷயம்: சென்னை கிழக்கே இருப்பதால் கோவையைவிடக் கால் மணி நேரம் முன்னால் சூரியன் வந்துவிடும். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கே வெளிச்சம். தனியாகப் போகும் பெண்ணுக்கு அது வசதி, வெயிலுக்குப் பயந்தவருக்குத் தொல்லை.

சென்னையைப் பற்றி நான் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் பேசுவேன். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சுடிதாரோடு ஷூ போட்ட அம்மாக்கள், தோளில் துண்டோடு தாத்தாக்கள், மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் ஐ.டி. பிள்ளைகள், வட்டமாக நின்று சத்தம்போட்டுச் சிரிப்புப் பயிற்சி செய்யும் கூட்டம். தனியாகப் போனாலும் தனியாக இருக்க முடியாது. பெண்கள் விடியற்காலையில் இவ்வளவு இயல்பாக நடமாடும் இடம் இந்தப் பட்டியலில் வேறு இல்லை. கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் திருவான்மியூர் கடற்கரை. மெரினாவில் சாலையோர நடைபாதை 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில் போட்டது. இன்றும் சென்னையில் தடுக்கி விழாமல் நீளமாக நடக்கக் கிடைக்கும் சில பாதைகளில் அது ஒன்று. கடற்கரை எட்டாதவர்களுக்கு மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகரில் நடேசன் பூங்கா, அண்ணா நகரில் கோபுரப் பூங்கா. இவற்றின் வாசலில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு, முளைகட்டிய பயறு விற்கும் வண்டிகள் நிற்கும். நான்கு சுற்று சுற்றிவிட்டு நேராக எதிர்க்கடையில் பொங்கல், வடை, ஒரு காபி என்று முடிப்பவர்களும் உண்டு. யாரென்று கேட்காதீர்கள்.

ஆனால் நான் சொன்னது சென்னையின் ஒரு துண்டு. அந்தத் துண்டில் வாடகை கண்ணைக் கட்டும். அதற்குப் பயந்து போரூர், மேடவாக்கம், பழைய மகாபலிபுரம் சாலையின் உட்பகுதி என்று தள்ளிப்போனால், அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பதுதான் மிச்சம். வெளியே நடைபாதை இருக்காது. இருந்தால் அதன்மேல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், தள்ளுவண்டி இருக்கும், பைக் நிற்கும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் வந்தது, அழகாகவும் இருக்கிறது. அதே தி.நகரில் நான்கு தெரு தள்ளிப் போனால் பழைய கதைதான். 2023இல் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைத்தடம் அறிவித்தது. நல்ல எண்ணம். பலகை வைத்தால் பாதையும் சேர்ந்து வரும் என்று நம்பாமல், அந்தத் தடத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

சென்னைக்கு இரண்டு பெரிய குறைகள். ஒன்று, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தெருவில் தண்ணீர் நிற்கும்போது மேன்ஹோல் எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாது. அந்த மாதங்களில் பல நாள் நடை போய்விடும். வருஷத்தில் மிக இதமான வானிலையும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வருகிறது என்பது கொடுமை. இரண்டாவது, பையனின் சைக்கிள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி ஞாயிறு விடியலில் ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்து ஆசைப்படக்கூடாது. காற்றைக் கிழித்துக்கொண்டு கார்கள் போகிற சாலை அது. அனுபவமுள்ள பெரியவர்கள் கூட்டமாகப் போகிறார்கள், அவர்களுக்கே ஆபத்து. பதின்மூன்று வயதுப் பையனை அங்கே அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். நீச்சலுக்குக் கடல் இருக்கிறதே என்பார்கள்; சென்னைக் கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் பொல்லாதது, கால் நனைப்பதோடு சரி.

கோவைக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அது பெரிய உயரம் இல்லை. ஊரின் கொடை பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாக ஊருக்குள் வீசும். கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு வரும் காற்று என்பதால் இங்கே சாரலும் குளிர்ச்சியும்தான் மிச்சம். சென்னையில் ஜூன் மாதம் அனல் அடிக்கும்போது கோவையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கலாம். காலையைத் தவறவிட்டவருக்கு மாலை கிடைப்பது பெரிய விஷயம். மாப்பிள்ளை மாதிரிக் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வேளையும் திறந்திருக்கும் ஊர் வேண்டும்.

இடங்கள் என்று பார்த்தால் முதலில் ரேஸ் கோர்ஸ். மரநிழலில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் வட்டம். இரண்டு சுற்று போனால் அன்றைய கணக்கு முடிந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதைப் புதுப்பித்தார்கள், குளங்களின் கரைகளையும் சீரமைத்தார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் என்று கரையோரப் பாதைகள் இப்போது இருக்கின்றன. காலையில் நாரை, நீர்க்காகம் பார்த்துக்கொண்டே நடக்கலாம். கழிவுநீர் கலக்கும் இடங்களில் கோடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ரேஸ் கோர்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரின் நாலா பக்கத்திலிருந்தும் காரில் வந்து, நிறுத்த இடம் தேடி அலைந்து, பிறகு நடக்கிறார்கள். அதைச் சுற்றி வீடு எடுக்க நம் பாக்கெட் இடம் தராது. சாய்பாபா காலனி, ஆர்.எஸ். புரம், வடவள்ளி என்று பார்த்தால் அகலமான குடியிருப்புத் தெருக்களே நடைபாதையாகிவிடும். புறநகரின் புதிய லேஅவுட்களில் விடியற்காலையில் நாய்க்கூட்டம் இருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது அந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

சைக்கிளுக்குக் கோவைதான். மருதமலைப் பக்கம், சிறுவாணிச் சாலை, ஆனைகட்டிப் பாதை என்று ஊரைவிட்டு வெளியேறிய கொஞ்ச நேரத்தில் மலை எதிரே வந்து நிற்கும். கால் தேறியவர்கள் மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து கோத்தகிரி ஏறுகிறார்கள். ஒரு எச்சரிக்கை உண்டு, உள்ளூர்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள்: இருட்டோடு கிளம்பாதே, யானை நிற்கும். மருதமலை, தொண்டாமுத்தூர் அடிவாரங்களில் இது கதை கிடையாது. வெளிச்சம் வந்தபிறகு, கூட்டமாக, அவ்வளவுதான். வெள்ளியங்கிரி ஏறுவது இன்னொரு ஆசை. பிப்ரவரி முதல் மே வரை அனுமதி, ஏழு மலை. உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் நேராக அதில் இறங்கக்கூடாது. சமீப ஆண்டுகளில் மூச்சுத்திணறி, நெஞ்சு அடைத்து அங்கே இறந்தவர்களின் செய்திகள் ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன. மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். அதுவரை மருதமலைப் படிக்கட்டு போதும்.

மதுரை என்றால் தங்கையின் குரல் மாறிவிடும். எனக்கும்தான். சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. கல் பாவிய தரையில் மீனாட்சியம்மன் கோயிலின் மதிலை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். காலையில் அப்படி நடக்கிறவர்கள் உண்டு, சாமி கும்பிட்டது போலவும் ஆயிற்று. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி இன்னொரு கூட்டம். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அங்கே வீசும் காற்றே தனி. கொஞ்சம் வெளியே போனால் யானைமலை, கீழக்குயில்குடிச் சமணர் மலை, திருப்பரங்குன்றம். பாறையும் வரலாறும் சேர்ந்த நடைக்கு மதுரையை மிஞ்ச ஆளில்லை. 'பசுமை நடை' என்ற அமைப்பு பல ஆண்டுகளாக ஊர் மக்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளுக்குத்தான் போகிறது. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி ஞாயிற்றுக்கிழமை போய்வரும் தூரம்.

ஆனால் தினசரி நடை வேறு, ஞாயிறு நடை வேறு. மார்ச்சிலிருந்தே மதுரையில் ஏழு மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செய்தியே இல்லை. கோயில் வீதிகளுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் நெரிசல். நல்ல வீடு கிடைக்கும் புறநகரில் நடக்கச் சாலை ஓரம்தான். அப்புறம் சாப்பாடு. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாக் கல் சத்தம் கேட்கிற ஊரில், சொந்தபந்தம் சூழ, வாரத்துக்கு இரண்டு விசேஷம் என்று சர்க்கரைக்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். அம்மாவுக்காக மதுரை என்றால் அது நியாயமான காரணம், நான் மறுக்க மாட்டேன். உடம்புக்காக மதுரை என்று மட்டும் சொல்லவேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் போனில் பேச்சே இல்லை.

புதுச்சேரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்குத் தடை. எளிமையான ஏற்பாடு, தமிழகத்துக் கடலோர ஊர்கள் ஏன் இதைக் காப்பியடிக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. தரை சமம், விளக்கு உண்டு, உட்காரச் சுவர் உண்டு. மூட்டு வலியுள்ள வயதான தம்பதிக்கு இந்தப் பட்டியலில் முதல் ஊர் அதுதான். ஆனால் அந்தச் சாலை ஒன்றரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சனி ஞாயிறு அது சுற்றுலாப் பயணிகளுக்குச் சொந்தம். கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில் குடும்பத்தோடு வாடகைக்கு இருப்பது நடக்கிற காரியமில்லை. இருக்கப்போவது லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ. அங்கிருந்து கடற்கரைக்கு வண்டியில்தான் போகவேண்டும், திரும்ப முதல் கேள்விக்கே வந்துவிட்டோம். வெப்பமும் ஈரப்பதமும் சென்னை மாதிரியேதான்.

பெங்களூருக்கு வானிலையில் யாரும் போட்டியில்லை. 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். 240 ஏக்கர் லால்பாக், கப்பன் பூங்கா, சாங்கி ஏரி. கப்பன் பூங்காவுக்கு நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க வேண்டாம். கிடைக்காது. கிடைக்கிற இடத்திலிருந்து அங்கே போய்வர ஆகும் நேரத்தில் கோவையில் இரண்டு வேளை நடந்துவிடலாம். அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

காற்று பற்றி மாப்பிள்ளை கேட்டார். நுண்துகளுக்கு, அதாவது பி.எம். 2.5க்கு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 40. இந்த இடைவெளியே நிறையச் சொல்லிவிடுகிறது. நம் ஊர் எதுவும் அந்த 5ஐத் தொடாது. ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தாலும், ஒரே ஊருக்குள் இருக்கும் வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் அடையாறும் மணலி, எண்ணூர்ப் பக்கமும் ஒன்றாகுமா? மணலி, எண்ணூரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. கோவையில் ஃபவுண்டரிகளும் கட்டுமானத் தூசியும் உள்ள பகுதிகள் உண்டு. குளிர்கால விடியலில் புகை மேலே எழும்பாமல் தரையோடு தங்கும். பிரதான சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி நடந்தாலே வண்டிப் புகை நன்றாகக் குறைந்துவிடும். ஊர் மாறுவதைவிட இது எளிது.

இன்னொன்று, சர்க்கரை உள்ளவர்களுக்காக. நம் பூங்காக்களில் இப்போது எட்டு வடிவப் பாதையும் கூழாங்கல் பதித்த பாதையும் போடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் நடக்கச் சொல்லிப் பலகையும் இருக்கும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள் அதில் ஏறவே கூடாது. குத்தியது தெரியாது, புண் ஆனபிறகுதான் தெரியும். கடற்கரை மணலில் வெறுங்காலும் அப்படியே. நல்ல ஷூ, பருத்தி சாக்ஸ், மாத்திரை போட்டு நடப்பவர் பையில், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள இனிப்பாக ஏதாவது. காலையில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் முடியாவிட்டால், சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். அதற்குப் பூங்காவே வேண்டாம், ராத்திரி எட்டரைக்கு விளக்கு எரிகிற தெரு ஒன்று போதும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் தீர்ப்பைக் கேட்டார்கள். தங்கை மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருவான்மியூர் என்பேன். மூன்று பேருக்கும் சேர்த்து என்றால் கோவை, மேற்குப் பக்கம். மாப்பிள்ளைக்கு இரண்டு வேளை நடை, பையனுக்குச் சைக்கிள், வாடகை கட்டுப்படியாகும். தங்கைக்குப் பெசன்ட் நகர் மாதிரித் துணைக்கூட்டம் முதல் நாளே கிடைக்காது. தெருவில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நாளாகும். மதுரைக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம், அம்மாவிடம் மாதம் ஒருமுறை போய்விடலாம்.

உடனே வீடு வாங்கவேண்டாம், பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போடுங்கள் என்றும் சொன்னேன். வீடு பார்க்க ஏப்ரலில் வாருங்கள், டிசம்பரில் வந்தால் மதுரைகூடக் குளிர்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். தரகரோடு பத்து மணிக்குப் போய்ப் பார்த்த தெருவை, மறுநாள் காலை ஐந்தரைக்குத் தரகர் இல்லாமல் போய் ஒருமுறை நடந்து பாருங்கள். தங்கை இப்போது வடவள்ளியில் பள்ளிக்கூடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை சாய்பாபா காலனி என்கிறார். நண்பர்கள் அங்கே இருக்கிறார்களாம்.